அம்மா தாண்டிய காடு

இன்று பிற்பகல், சுங்கைப் பட்டாணிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஃபோட்டோஸ்டாட் கடையில் நின்றிருந்தேன். டியூஷன் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சித் தாள்கள். ஆங்கில மரபுத்தொடர்கள் இடப்பக்கம், அவற்றின் பொருள் வரிசை மாறி வலப்பக்கம். கோடு போட்டு இணைக்க வேண்டும். இயந்திரம் துப்பிய தாள்களைக் கடைக்காரர் தட்டி அடுக்கி என் கையில் வைத்தபோது அவை இன்னும் சூடாக இருந்தன. சூடான தாளும் மையும் கலந்த அந்த வாசனையில் உன் முகம் வந்துவிட்டது. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் இதே போன்ற தாள்களை நகலெடுத்து வாங்கியதும், நீ முதலில் அவற்றைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாய். "இப்பதான் சுட்ட ரொட்டி மாதிரி இருக்குடி" என்பாய். வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். உனக்கு எதிலும் கூச்சம் இருந்ததில்லை.

காரில் வந்து உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை. நீ போனபிறகு உன்னைப் பற்றி யாரிடமும் நான் அதிகம் பேசியதில்லை. உன்னிடமே பேசலாம் என்று இன்றுதான் தோன்றியது.

நாம் இருவரும் தமிழ்ப்பள்ளியில் இணைமொழிகளையும் மரபுத்தொடர்களையும் ராகம் போட்டு ஒப்பித்து வளர்ந்தவர்கள். வேறு வேறு பள்ளி, ஒரே ராகம். நான் பட்டணத்துப் பிள்ளை, மளிகைக் கடைக்காரரின் மகள். நீ கோலா கெத்திலைத் தாண்டி உள்ளே இருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவள். ஆங்கிலத் தேர்வுக்காக நமக்கு அந்தத் தாள்களைக் கொடுத்தபோது, நான் ஒவ்வொரு தொடருக்கும் அகராதியில் பொருள் தேடி ஓரத்தில் எழுதினேன். நீ எதுவும் எழுதவில்லை. வாசித்துவிட்டுச் சிரித்தாய்.

"இங்கிலீஷ்காரனும் நம்ம ஆளுங்க மாதிரித்தான்டி. ஒண்ண நேரா சொல்ல அவனுக்கும் வாய் வராது."

அன்றுதான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாய். ஆங்கிலத் தொடரை எடுத்துச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் பேச வேண்டும். முதலில் சிரிப்பவர் தோற்றவர்.

"கணக்குப் பரீட்சை எப்படிடி?" என்று கேட்பேன்.

"கேக்குத் துண்டு."

"வரலாறு?"

"அதுக்கு ஒரு கையும் ஒரு காலும் கொடுத்துட்டு வரேன் லா."

"அது சாமான் விலை ஜாஸ்தியா இருந்தா சொல்றது. பரீட்சைக்கு இல்ல."

"நீ போய் எழுதிப் பாரு. விலை தெரியும்."

சுலபமானதெல்லாம் நமக்குக் கேக்குத் துண்டு. எப்போதாவது நடப்பது நீல நிலாவுக்கு ஒரு தரம். ரகசியத்தை உளறிவிட்டால் பயறைக் கொட்டிவிட்டாய். கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கினால் பாதம் குளிர்ந்துவிட்டது. வகுப்பில் வேறு யாருக்கும் இது புரியவில்லை. நான் அதிகம் பேசாதவள். ஒரே ஒருத்தியோடு பேசுவதற்கென்றே ஒரு மொழி கிடைத்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உன்னிடம் சொன்னதில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் உன் வீட்டில் தங்கினேன். காலையில் நீ வாசலில் உட்கார்ந்து காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாய். மேடைக்கோ தேர்வுக்கோ போகிறவரை ஆங்கிலத்தில் எப்படி வாழ்த்துவார்கள் என்பதை நாம் அந்த வாரம்தான் படித்திருந்தோம். விளையாட்டின் விதிப்படி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "போ, போய்க் காலை உடைச்சுக்கோ" என்றேன். உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன் அம்மா, கையில் கோணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பேச்சு இது? விடிஞ்சும் விடியாம, கிளம்புற புள்ளைய பாத்து!"

"அம்மா, அது இங்கிலீஷும்மா. நல்லா செய்யின்னு வாழ்த்துறா" என்று நீ குறுக்கே புகுந்தாய்.

"நல்லா செய்யின்னு சொல்றதுக்கு வெள்ளக்காரன் கால உடைக்கச் சொல்றானா? கால் மேல அவனுக்கு என்ன கோவம்?"

விளக்க விளக்க நிலைமை மோசமானது. உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துவந்து உன்னை உட்காரவைத்துச் சுற்றிப் போட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து என்னையும் உட்காரவைத்தார். கோளாறு என் வாயில்தான் என்று. அதற்குள் பஸ் போய்விட்டது. தோட்டத்து அண்ணன் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகத் தொற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் பறந்தோம். வழியெல்லாம் நீ சிரித்த சிரிப்பில் அந்த அண்ணன் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, விழுந்து உண்மையிலேயே காலு போகப் போவுது" என்றார். நாம் இன்னும் சிரித்தோம்.

அன்றே நாம் கவனித்திருக்கலாம். நம் விளையாட்டில் அம்மாவும் இருந்தார். அவருக்கு மட்டும் அது விளையாட்டு இல்லை. காதில் விழுந்த சொல் எதுவோ அதுதான் அவருக்குப் பொருள். உன் அப்பா நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அம்மாவுக்கு நீ, உனக்கு அம்மா. குடும்பம் என்று இருந்தது அவ்வளவுதான்.

பிறகு நீ பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் சேர்ந்தாய். வெளிநாட்டுக்காரர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் வேலை. மாலையில் தே தாரேக் தேநீர்க் கடையில் எனக்கு அன்றைய அறிக்கை கிடைக்கும். "பந்து இப்ப நம்ம திடல்ல இருக்காம். அடுத்த வாரம் அடித்தளத்தைத் தொட்டுட்டுப் போவாங்களாம். என் மேனேஜருக்கு ஒண்ணும் புரியல, மண்டைய மண்டைய ஆட்டுறாரு." இனி முடிவு உங்கள் கையில், அடுத்த வாரம் பேசுவோம் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியிருப்பார்கள். உன்னைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருந்தது. என்னைச் சுற்றிப் புத்தகங்கள் இருந்தன. ஆனாலும் அந்த அறிக்கையை நீ என் ஒருத்தியிடம்தான் கொடுத்தாய்.

உன் நோய்கூட அந்த மொழியில்தான் வந்தது. 'வானிலைக்குக் கீழே கிடக்கேன்' என்று கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினாய். உடம்புக்கு முடியவில்லை என்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். 'குடை கொண்டு வரவா?' என்று பதில் போட்டேன். அடுத்த வாரமும் வானிலைக்குக் கீழே. அதற்கடுத்த வாரமும். பிறகு ஒரு நாள் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாய். எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீல நீலமாகக் கன்றிப் போயிருந்தது. இரத்தப் பரிசோதனை, பிறகு பினாங்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

டாக்டர் ஓர் இளம் சீனப் பெண்மணி, பொறுமையானவர். முதல் நாள் அம்மாவுக்காக எல்லாவற்றையும் மலாயில் விளக்கினார். அம்மாவுக்கு மலாய் தெரியும். பாசாரில் சாமான் வாங்கப் பேசிப் பழகிய மலாய் அந்தச் செய்தியைப் புரிந்துகொள்ளப் போதுமானதாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுததை நீ பார்த்தாய். அடுத்த முறையிலிருந்து டாக்டரை ஆங்கிலத்திலேயே பேசச் சொல்லிவிட்டாய். தமிழ் டாக்டருக்குத் தெரியாது, மலாய் அம்மாவுக்குத் தெரியும், மிஞ்சியது ஆங்கிலம்.

"அம்மாகிட்ட எதச் சொல்லணுமோ அத நான் சொல்லுவேன்" என்றாய் என்னிடம். "டாக்டர் சொல்லக்கூடாது. நீ சொல்லக்கூடாது. நான்தான் சொல்லணும், என் வாயால. சரியா?"

சரி என்றேன். அந்த ஒரு சரிதான் பிறகு வந்த மாதங்கள் முழுவதும் நம் இருவர் மேலும் உட்கார்ந்திருந்தது.

முதல் கட்ட மருந்து முடிந்தபோது டாக்டர் கொஞ்சம் சிரித்தார். ஆனால், 'நாட் அவுட் ஆஃப் த வூட்ஸ் யெட்' என்றார். ஆபத்து முற்றிலும் விலகவில்லை என்று அதற்குப் பொருள். "என்ன சொன்னாங்க?" என்று அம்மா கேட்டார். "நல்லா இருக்காம்மா" என்றாய். காரில் ஏறியதும் பின்னிருக்கையிலிருந்து என் பக்கம் குனிந்து, "காட்டை இன்னும் தாண்டலையாம்" என்றாய். அதன்பின் அதுவே நம் அன்றாடப் பேச்சாயிற்று. "காடு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "அடர்த்தியாத்தான் இருக்கு." "வெளிச்சம் தெரியுதா?" "நேத்து கொஞ்சம் தெரிஞ்சுச்சு." அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளைகளின் நாரை உரித்துக்கொண்டிருப்பார்.

வார்டில் ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "வாளிய எட்டி உதைச்சிடுவேனோன்னு இருக்குடி" என்றாய். செத்துப்போவதை ஆங்கிலத்தில் வேடிக்கையாக அப்படிச் சொல்வார்கள். படிக்கும் காலத்தில் நாம் மிக அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான். அன்று இருவரும் சிரிக்கவில்லை. யார் தோற்றது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வாளி, வெதுவெதுப்பான தண்ணீர், தோளில் துண்டு.

"குளிக்கணும்னா நேரா சொல்லக்கூடாதா? வாளி வாளின்னு என்ன முணுமுணுப்பு?"

குளியலறையில் உட்காரவைத்து, முடியெல்லாம் கொட்டிப்போன உன் தலையில் குவளை குவளையாக ஊற்றித் துடைத்துவிட்டார். நீ அழுதாய். "சோப்பு கண்ணுல பட்டுருச்சும்மா" என்றாய். சோப்பை அவர் இன்னும் எடுக்கவே இல்லை. "பட்டிருக்கும், பட்டிருக்கும்" என்று சொல்லி உன் கண்ணையும் துடைத்துவிட்டார்.

பிறகு அந்த நாள் வந்தது. டாக்டர் நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருந்து வேலை செய்யவில்லை, இதற்கு மேல் கொடுக்க வேறு மருந்து இல்லை, வீட்டுக்குப் போய் அம்மாவோடு இருங்கள் என்றார். அன்றைய அவருடைய ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர்கூட இல்லை. அதனாலேயே எல்லாம் உடனே புரிந்தது. அம்மா அன்று வேலைக்குப் போயிருந்தார். நாம் இருவர் மட்டும்தான்.

பினாங்கிலிருந்து கடல்மேல் போகும் பாலத்தைக் கடந்து வரும்போது, "இத தமிழ்ல எப்படிச் சொல்றதுடி?" என்று கேட்டாய். எவ்வளவோ படித்திருக்கிறேன். என்னிடம் ஒரு வாக்கியமும் இல்லை. நீயே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாய். "'டாக்டர் கைய விரிச்சிட்டாங்க'... வேணாம், அம்மா டாக்டர்கிட்ட சண்டைக்குப் போயிருவாங்க. 'இன்னும் கொஞ்ச காலந்தான்'... ரேடியோ நாடகம் மாதிரி இருக்கு. 'நான் போறேன்மா'ன்னு சொன்னா எங்க போறேன்னு கேப்பாங்க." நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ கடல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கோலா கெத்தில் முனையில் வண்டியைத் திருப்பும்போது உன்னிடம் வாக்கியங்கள் தீர்ந்து போயிருந்தன.

நாட்கள் போயின. நீ சொல்லவில்லை. ஒவ்வொரு முறை நான் வரும்போதும் கண்ணால் கேட்பேன். நீ தலையை அசைப்பாய். ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்ததைப் பார்த்து, உடம்பு தேறி வருகிறது என்று அம்மா நினைத்தாரோ என்னவோ, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பலகாரம் கொடுத்தனுப்பினார். அதைப் பார்த்த பிறகு உன்னால் இன்னும் சொல்ல முடியாமல் போயிற்று.

ஒரு சனிக்கிழமை அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களே, காட்டைத் தாண்டணும், தாண்டலன்னு. அது டாக்டரம்மா சொன்னதா?"

"ஆமாம்மா. அது சும்மா... ஒரு பேச்சு."

"பேச்சா? டாக்டர் சொன்னா செய்ய வேண்டியதுதானே! இத்தன மாசமா ஒருத்தியும் இவள கூட்டிட்டுப் போகல. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். காடுதானே, எனக்குத் தெரியாத காடா?"

நான் பயந்துபோய் அறையைப் பார்த்தேன். நீ படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். தூங்கவில்லை என்பது உன் உதடு துடித்ததில் தெரிந்தது. சிரிப்பை அடக்குகிறாய் என்று நினைத்தேன்.

"போலாம்மா" என்றாய் உள்ளிருந்தே. "நாளைக்கே போலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வந்தபோது அம்மா தயாராக இருந்தார். மழையில் மரங்களுக்கு நடுவே போகும் தோட்டத்துப் பாதை சேறாகியிருந்தது, கார் போகாது. பழக்குலை ஏற்றும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைக் கழுவி வைத்திருந்தார். உள்ளே தலையணை, மடித்த போர்வை. நீ கம்பளித் தொப்பியும் முகக்கவசமுமாக நின்று அதைப் பார்த்தாய்.

"நான் என்ன பழக்குலையா?"

"குலை உன்ன மாதிரி வாய் பேசாது. ஏறு."

"வண்டிய நல்லா கழுவினியா?"

"கழுவி, மருந்து போட்டு, மஞ்சத் தண்ணியும் தெளிச்சாச்சு. ஏறு பாப்பா, வெயில் வந்துரும்."

கிருமி தொற்றிவிடும் என்று உன் காதருகே சொன்னேன். "இனிமேயா?" என்றாய்.  பிளாஸ்க்கையும் குடையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

செம்பனைக்குக் கீழே காலை நேரத்திலும் அரை இருட்டு. வெட்டிப் போட்ட மட்டைகள் வரிசைகளுக்கு நடுவே குவிந்து கிடந்தன. சேறும் அழுகிய பழமும் கலந்த வாடை. அம்மா குனிந்து தள்ளினார். சக்கரம் புதையும் இடத்தில் வண்டியைப் பின்னால் இழுத்து மறுபடி தள்ளினார். நான் தள்ளுகிறேன் என்றதற்கு, "உனக்குப் பழக்கமில்ல, கவுத்துருவ" என்றார். நடுவில் ஒரு முறை நின்று, கீழே கிடந்த உதிரிப் பழம் ஒன்றைப் பொறுக்கி மரத்தடியில் போட்டார். "இன்னைக்கு லீவும்மா" என்றாய். "கண்ணு பாத்துருச்சு, கை சும்மா இருக்குமா?" என்றார். நீ சிரித்தாய். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாய். எந்த மரத்தடியில் பாம்பைப் பார்த்தாய், எங்கே சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தாய் என்று எனக்குக் காட்டினாய். அப்படி நீ பேசி நெடுநாளாகியிருந்தது.

தோட்டம் முடிகிற இடத்தில், பெரிய சாலை ஓரமாக முனியாண்டி சாமியின் மேடை. மரங்களின் வரிசை விட்டதும் வெயில் முகத்தில் அடித்தது. அம்மா வண்டியை மேடைக்குப் பக்கத்து மரத்தின் நிழலில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"பாரு பாப்பா, ரோடு. காடு முடிஞ்சிருச்சு. அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லு, தாண்டியாச்சு, எங்கம்மாதான் தள்ளிக்கிட்டு வந்தாங்கன்னு."

சூடத்தை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பினார். நீ முகக்கவசத்தைக் கழற்றினாய்.

"அம்மா. இங்க வா. உக்காரு."

"இரு, சூடம் கொளுத்திட்டு வரேன்."

"சாமி எங்கயும் போகாது. நீ உக்காரும்மா."

அம்மா உன் காலடியில் வேரின்மேல் உட்கார்ந்தார். நான் சாலைப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போனேன். ஆனாலும் கேட்டது.

"மருந்து எனக்கு வேலை செய்யலம்மா. வேற மருந்தும் இல்லன்னுட்டாங்க. நான் பொழைக்க மாட்டேன்மா."

பாலத்தில் சொல்லிப் பார்த்துத் தள்ளிய எதுவும் இல்லை. வெறும் பேச்சுத் தமிழ். ஒரு லாரி நம்மைக் கடந்து போயிற்று. அந்தச் சத்தம் அடங்கியதும் அம்மா கேட்டார்.

"யாரு சொன்னா?"

"டாக்டர்."

"எப்ப?"

"போன மாசம்."

"இவளுக்குத் தெரியுமா?" என்னைப் பார்க்காமலே கேட்டார். நீ தலையசைத்தாய்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியல. என்கிட்ட சொல்ல உனக்கு பாஷை இல்லாமயா போச்சு?"

"இருந்துச்சும்மா" என்றாய். "அதனாலதான் சொல்ல வரல."

அம்மா எழுந்தார். என் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கி மூடியில் மைலோவை ஊற்றினார். "ஆறிரும், குடி" என்றார். நீ குடிக்கும்போது சிந்தாமல் இருக்க, சின்னக் குழந்தைக்கு ஏந்துவதுபோல் உன் தாடைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டார்.  சூடத்தை மேடைமேல் கொளுத்தாமலே வைத்தார்.

காரைப் பெரிய சாலை வழியாகச் சுற்றிக் கொண்டுவருகிறேன் என்றேன். "வேணாம்மா. வந்த மாதிரியே போறோம்" என்றார். மறுபடியும் வண்டியைத் திருப்பி மரங்களுக்குள் தள்ளினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் காடு என்பது வெளியே வந்துவிட வேண்டிய இடம். வழி தவறியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். உங்களுடைய வீடோ காட்டுக்குள்தான் இருந்தது. சோறும் படுக்கையும் அங்கேதான். தாண்டினாலும் நீங்கள் திரும்பி உள்ளே போகத்தான் வேண்டும். எந்த அகராதியிலும் இது இல்லை.

பாதி வழியில் அம்மா, "வேற என்னல்லாம் என்கிட்ட மறைச்சீங்க? இப்பவே சொல்லிருங்க" என்றார்.

நீ யோசித்தாய். "வாளி" என்றாய்.

"எந்த வாளி?"

சொன்னாய். அம்மா வண்டியை நிறுத்திவிட்டார். 

"அதுக்கா நான் வார்டு வார்டா போய் சுடுதண்ணி கேட்டேன்?"

முதலில் சிரித்தது நீதான். பிறகு அம்மா. அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியாமல் மூவரும் அந்தச் சேற்றில் நின்று அழுதோம்.

அதன் பிறகு வீட்டில் ரகசியம் இல்லை. நீயும் அம்மாவும் எல்லாவற்றையும் பேசினீர்கள், சண்டை போட்டீர்கள். கடைசியாக எந்தப் புடவை உடுத்துவது என்பதற்கும் சண்டை வந்தது. "அது வேணாம்மா, அதுல நான் குண்டா தெரிவேன்." "தெரியட்டும். எலும்பும் தோலுமா படுத்திருந்தா நான் சோறு போடலன்னுல்ல ஊரு பேசும்?" வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இதைக் கேட்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றேன். நம் மொழி அந்த வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்தது என்பதையும் உன்னிடம் இன்று சொல்லிவிடுகிறேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். நான் விடைபெற எழுந்தபோது என் விரலைப் பிடித்தாய். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. 'ஹோல்ட் த ஃபோர்ட்' என்றாய். நெடுநாளுக்குப் பிறகு ஆங்கிலம். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்தேன். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் நீ அம்மாவின் கைமேல் தலையை வைத்தபடியே போய்விட்டாய். அம்மா சொன்ன புடவையைத்தான் உனக்கு உடுத்தினார்கள். அதில் நீ குண்டாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போகிறேன்.  முதலில் அவர் சமைப்பார், நான் சாப்பிடுவேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் கேஸ் சிலிண்டரை மாற்ற விடாமல் என்னோடு சண்டை போடுகிறார். இரத்த அழுத்த மாத்திரையை ஒளித்து வைக்கிறார். நான் தேடி எடுத்துக் கொடுக்கிறேன். போன வாரம் மீன் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்கு அவ உன்கிட்ட இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாளே. என்னம்மா அது?"

இவ்வளவு நாள் அவர் அதைக் கேட்காமல் வைத்திருந்தார்.

"கோட்டையப் பாத்துக்கோன்னு சொன்னாம்மா."

"எந்தக் கோட்டை?"

நான் சுற்றிப் பார்த்தேன். மழையில் ஒழுகும் தகரக்கூரை, மீன் செதிள் ஒட்டிய கைகளோடு அவர். "இதுதான்" என்றேன்.

"இதுவா கோட்டை!" என்றார். "அவ வாய் இருக்கே." நீ போனபிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். பிறகு குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் மீனைக் கழுவினார்.

அந்தத் தொடரின் பாதிப் பொருளைத்தான் அவரிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்பவர் கொஞ்ச நேரத்துக்கு வெளியே போகிறவர். கடைக்கோ, ஊருக்கோ. நான் திரும்பி வரும்வரை நீ பார்த்துக்கொள் என்பதுதான் அதன் முழுப் பொருள். அது தெரிந்துதான் சொன்னாயா என்று உன்னிடம் கேட்க இனி வழியில்லை. பார்த்துக்கொள் என்பதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்வரை என்பதை மட்டும் யாருக்கும் மொழிபெயர்க்காமல் நானே வைத்திருக்கிறேன்.